ப்ளூடூத் கீபோர்டு: கேசியோ, யமஹா, ரோலண்டில் மலைக்கு எது ஒத்துவரும்?

கடையில் “ப்ளூடூத் இருக்கு சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ப்ளூடூத் ஆடியோ இருந்தால் போனில் ஓடும் பாட்டு கீபோர்டின் ஸ்பீக்கரில் கேட்கும். ப்ளூடூத் மிடி இருந்தால், எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற தகவல் போனிலுள்ள ஆப்புக்குப் போகும். அதில் சத்தம் போகாது. சில மாடல்களில் இரண்டும் உண்டு, சிலவற்றில் ஒன்றுதான், சிலவற்றில் இரண்டுமே இல்லை. கோவையில் வாங்கி 86 கி.மீ. தள்ளி ஊட்டிக்குக் கொண்டுவந்த பிறகு, “நான் கேட்டது இது இல்லையே” என்று திரும்ப இறங்குவது பெரிய அலைச்சல். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரையும் திண்டுக்கல்லும் அதே கதைதான். அதனால் பணம் கட்டும் முன்பே பிரித்துக் கேட்டுவிடுங்கள்: ஆடியோவா, மிடியா, இரண்டுமா?

இன்னொன்றும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இங்கே பேசப்போகும் கீபோர்டுகளில் ப்ளூடூத் ஆடியோ உள்ளே மட்டும்தான் வரும், வெளியே போகாது. ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டி ராத்திரி சத்தமில்லாமல் வாசிக்கலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி ஹெட்போன் ஓட்டையில் செருகினாலும் பயனில்லை. சாதாரண ப்ளூடூத் ஆடியோவில் 100 முதல் 300 மில்லி விநாடி வரை தாமதம் வரும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் வேகத்தில் அரைத் தாள அடி என்பதே 250 மில்லி விநாடி. விரல் ஒரு இடத்தில், சத்தம் இன்னொரு இடத்தில் என்றால் தாளம் நிற்காது. ஹெட்போனுக்கு ஒயர்தான். யமஹா பிஎஸ்ஆர்-இ373-இல் பெரிய 6.3 மி.மீ. ஓட்டை இருக்கும், போன் ஹெட்செட்டுக்கு ஒரு சின்ன மாற்று பின் வேண்டும்.

ரோலண்ட் கோ:கீஸ் 3

2024-இல் வந்தது. ஆடியோ, மிடி இரண்டும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் செருக வேண்டாம். 61 கீ, ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். விசேஷ வீட்டில் போனில் ட்ராக் (பின்னணி இசை) போட்டுக் கூடவே வாசிப்பவர்களுக்கும் பஜனை மடத்தில் வாசிப்பவர்களுக்கும் இருப்பதிலேயே குறைந்த தொந்தரவு இதுதான். பாட்டு கால் விநாடி தள்ளி வந்தாலும் பாதகமில்லை. பாட்டும் உங்கள் வாசிப்பும் ஒரே ஸ்பீக்கரில் கேட்கின்றன, காதில் விழுவதற்குத்தான் வாசிக்கிறீர்கள். போனில் வீடியோ எடுத்து, அதன் மேல் ட்ராக்கைத் தனியாக ஒட்டும்போதுதான் இடிக்கும். ட்ராக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பொருத்த வேண்டும். பாடவும் செய்பவர் என்றால் கோ:கீஸ் 5 பாருங்கள், அதில் மைக் செருகும் வசதி உண்டு.

பலரும் தடுமாறுவது டிரான்ஸ்போஸில், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் வசதியில். பாடுபவருக்காக கீபோர்டில் சுருதியை ஏற்றினால் கீபோர்டின் சத்தம்தான் ஏறும். ப்ளூடூத்தில் வரும் ட்ராக் பழைய சுருதியிலேயே இருக்கும். ட்ராக்கின் சுருதியைப் போனிலேயே ஒரு ஆப் வைத்து மாற்றிக்கொண்டு, பிறகு கீபோர்டை அதற்குச் சரிசெய்யுங்கள்.

கேசியோ சிடி-எஸ்1, சிடி-எஸ்500

கேசியோவில் ப்ளூடூத் என்பது டபிள்யூயு-பிடி10 என்ற சின்ன அடாப்டர். கீபோர்டின் யுஎஸ்பி ஓட்டையில் செருகினால் ஆடியோவும் மிடியும் வரும். 2022-இல் வந்த சிடி-எஸ்500 பெட்டிக்குள்ளேயே அது இருக்கும். சிடி-எஸ்1 வாங்கினால் தனியாக வாங்க வேண்டும். விலை குறைவு என்று எஸ்1-ஐ எடுத்துவிட்டு, அந்த அடாப்டர் கிடைக்காமல் அலைவதைவிட இரண்டையும் ஒரே பில்லில் கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டும் ஒரே ஜாதி இல்லை. எஸ்1-இல் 61 டோன் (வாத்தியச் சத்தம்) உண்டு. ரிதம் (தானாக ஓடும் தாளம்) கிடையாது, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரமும் கிடையாது. பியானோ போல வாசிக்கத்தான் அது. எஸ்500-இல் 800 டோன், 243 ரிதம், பிட்ச் பெண்ட் சக்கரம் எல்லாம் உண்டு. கமகம் வாசிக்க நினைப்பவருக்கு அந்தச் சக்கரம் இல்லாமல் முடியாது. சக்கரத்தின் வீச்சு தொடக்கத்தில் இரண்டு அரைச் சுரம் என்று இருக்கும்; அதிலேயே கை பழகட்டும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

கேசியோவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அந்த அடாப்டர் நகத்தளவுப் பொருள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போய், பையில் போடும்போது இடித்தால் யுஎஸ்பி ஓட்டையே ஆடிப்போகும். கீபோர்டை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, தனி டப்பாவில் வையுங்கள்.

யமஹா பிஎஸ்ஆர்-இ373, இ473, ஐ500

மூன்றிலும் ப்ளூடூத் இல்லை. அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். 2020-இல் வந்த இ373-இல் 622 வாய்ஸ், 205 ஸ்டைல்; டோனையும் ரிதத்தையும் யமஹா இப்படித்தான் சொல்லும். 2022-இல் வந்த இ473-இல் பிட்ச் பெண்ட் சக்கரமும் மைக் ஓட்டையும் சேர்ந்திருக்கின்றன. இந்தியாவுக்கென்றே வந்த ஐ500-இல் தம்புரா, தபலாவோடு பயிற்சி செய்ய ‘ரியாஸ்’ உண்டு. கர்னாடக சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு ப்ளூடூத்தைவிட அந்தத் தம்புரா பெரிய உபகாரம்.

ஒயரில் யமஹா ஜெயிக்கிறது. இ373-இன் யுஎஸ்பி வழியாக மிடி மட்டுமில்லாமல், 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் ஸ்டீரியோ ஆடியோவும் போகிறது, வருகிறது. போனில் பதிவு செய்தால் அறைச் சத்தமோ தகரக் கூரையில் விழும் மழைச் சத்தமோ கலக்காது, தாமதப் பிரச்சினையும் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு ஒடிஜி பின்னும் பி-டைப் கேபிளும் போதும். ஐபோன் 15 முதல் சி-டைப் என்பதால் சி–பி கேபிளை நேராகச் செருகலாம்.

ஒயர் வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஆடியோவுக்கு, வெளிச் சத்தத்தை உள்ளே வாங்கும் ஆக்ஸ் இன் ஓட்டையில் ஒரு சாதாரண ப்ளூடூத் ரிசீவரைச் செருகலாம். ஆனால் ரிசீவரும் கீபோர்டும் ஒரே பிளக் பாயின்டில் மின்சாரம் எடுத்தால் ‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல் வரும். ரிசீவருக்குத் தனியாகப் பவர் பேங்க் கொடுத்தால் நின்றுவிடும். மிடிக்கு யமஹாவின் யுடி-பிடி01. இதற்குக் கீபோர்டு மின்சாரம் தராது, யுஎஸ்பி சார்ஜரிலோ பவர் பேங்கிலோ செருக வேண்டும். இது மிடியை மட்டும் அனுப்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

88 கீ வேண்டும் என்பவர்களுக்கு

ரோலண்ட் எஃப்பி-10-இல் ப்ளூடூத் மிடி மட்டும்தான். ஆடியோ இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள், இல்லை. எஃப்பி-30எக்ஸ்-இல் இரண்டும் உண்டு. ஆனால் 30எக்ஸ் பேட்டரியில் ஓடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல முடியாது. அங்கே கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100-ஐத்தான் பரிந்துரைப்பேன்: ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், எடை 11.2 கிலோ, டபிள்யூயு-பிடி10 கூடவே வரும். கீயின் கனம் எஃப்பி-30எக்ஸ்-இல்தான் எனக்குப் பிடித்தமானது. யுபிஎஸ் உள்ள வீடென்றால் அதை எடுங்கள்.

இணைக்கும்போது எங்கே தவறுகிறது

ஆடியோவை போனின் ப்ளூடூத் செட்டிங்கில் இணைக்க வேண்டும். மிடியை அங்கே இணைக்கவே கூடாது. ஆப்புக்குள் போய்த்தான் இணைக்க வேண்டும். ஐபோன் கராஜ்பேண்டில் பாட்டு செட்டிங், அட்வான்ஸ்டு, ப்ளூடூத் மிடி டிவைசஸ் என்று போகவும். தெரியாமல் செட்டிங்கில் மிடி பெயரைத் தொட்டுவிட்டால் போன் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆப்புக்குக் கண்ணில் படாது. அந்தப் பெயரை ‘மறந்துவிடு’ கொடுத்து நீக்கி, கீபோர்டை அணைத்துப் போட்டால் திரும்ப வரும்.

ஆண்ட்ராய்டு 11 வரை லொகேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் ஆப் எதையும் தேடாது. 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி. கீபோர்டு கெட்டுவிட்டது என்று கொண்டுவரப்படும் புகார்களில் பலவும் இந்த ஒரு அனுமதியில் முடிந்துவிடும். விண்டோஸ் கணினியில் ப்ளூடூத் மிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பல மென்பொருள்கள் அதைப் பார்ப்பதே இல்லை, கேபிளைப் போடுங்கள்.

மிடியின் தாமதம் 10–20 மில்லி விநாடிதான், கைக்குத் தெரியாது. ஆனால் ஆப்பிலிருந்து வரும் சத்தத்தைத் திரும்ப ப்ளூடூத் ஆடியோவாகக் கீபோர்டுக்கே அனுப்பினால் அந்தப் பெரிய தாமதம் வந்துவிடும். ஆப்பின் சத்தத்தைப் போன் ஸ்பீக்கரிலோ ஒயர் ஹெட்போனிலோ கேளுங்கள்.

கோயிலிலோ சர்ச்சிலோ வாசிக்கும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆராதனை நடுவில் வாட்ஸ்அப் மணி கீபோர்டு ஸ்பீக்கரில் அடிக்கும். பாட்டு வகுப்பில் முந்தைய மாணவரின் போன் தானாக ஒட்டிக்கொள்வதும் நடக்கும்; வகுப்புக் கீபோர்டுக்கு ஒரே ஒரு போனை ஒதுக்குங்கள்.

இங்கத்திய குளிர் இந்தப் பொருட்களுக்கு ஆகாது. குன்னூர் மார்கழிக் குளிரில் வண்டியில் வந்த கீபோர்டை ஆள் நிறைந்த சூடான கூடத்தில் உடனே திறந்தால் உள்ளே ஈரம் பூக்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்கவும். குளிரில் அல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி மேல். யமஹாவில் நிக்கல் பேட்டரி போட்டால் பங்ஷன் மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டுவது சரியாக இருக்காது.