கைச்சதைக்கு வாங்கிய டம்பெல் செட்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

எடை குறைந்த பிறகு தொங்கிய கைச்சதைக்காக இருபது கிலோ பி.வி.சி. டம்பெல் செட் ஒன்றை வாங்கினேன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் மூலையில் இருக்கும் என் செட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை வாங்கலாமா?" என்று போனில் விளம்பரத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். செட்டில் என்னென்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சிமெண்டுக் கலவை அடைத்த பிளாஸ்டிக் தட்டுகள், ராடுகள், நட்டுகள். அதை விட்டுவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு மேல் புழங்கியதில் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த நட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மனசு ஆறாது.

ராடின் இரண்டு முனையிலும் மரை இருக்கிறது. தட்டுகளை மாட்டி, நட்சத்திர வடிவில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைத் திருகி இறுக்க வேண்டும். எவ்வளவு பலம் கொடுத்து இறுக்கினாலும் எட்டாவது, பத்தாவது தடவை தூக்குவதற்குள் ஒரு பக்கத்து நட்டு தளர்ந்துவிடும். தட்டு டக் டக் என்று ஆட ஆரம்பிக்கும். நிறுத்தி, கீழே வைத்து, இறுக்கி, மறுபடி எடுக்க வேண்டும். ஒரு சுற்றில் கடைசி இரண்டு மூன்று தடவை தூக்குவதில்தான் தசைக்கு உண்மையான வேலை இருக்கிறது. கை நடுங்குகிற அந்த நேரம் பார்த்துத்தான் இது கழலும். அப்போது வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏன் எப்போதும் ஒரு பக்கம் மட்டும் தளர்கிறது என்று ராடை எடுத்துக்கொண்டு தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணன் கையில் வாங்கி இரண்டு முனையையும் விரலால் தடவிப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "ரெண்டு பக்கமும் ஒரே மரையைப் போட்டு வச்சிருக்காங்கம்மா, அப்புறம் எப்படி நிக்கும்?" விஷயம் இதுதான். டம்பெல்லை ஏற்றி இறக்கும்போது மணிக்கட்டு திரும்புகிறது, கூடவே ராடும் திரும்புகிறது. கனமான தட்டு உடனே திரும்பாமல் பின்தங்கி நட்டை உரசி இழுக்கிறது. ஒரு முனையில் அந்த இழுப்பு நட்டை இறுக்கும். எதிர்முனையில் அதே இழுப்பு நட்டைக் கழற்றும். இப்படிக் கழலாமல் இருக்கத்தான் சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் திருகி இறுக்கும் மரை, போடுகிறார்கள். எந்த சைக்கிள் கடைப் பையனுக்கும் இது தெரியும். ஆயிரக்கணக்கில் செட் விற்கிற கம்பெனிக்குத் தெரியாமல் போகுமா? தெரியும். இரண்டு விதமாக மரை போட்டால் செலவு கூடும், அவ்வளவுதான்.

இது வெறும் எரிச்சலோடு நிற்கிற விஷயமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மேல்கையின் பின்பக்கத் தசைக்கு, அதாவது டிரைசெப்ஸுக்கு, நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. டம்பெல்லைச் செங்குத்தாகப் பிடித்து, மேல்தட்டின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்ற வேண்டும். அப்போது ராடும் கீழ்த்தட்டும் மேல் நட்டைப் பிடித்துத் தொங்குகின்றன, கீழ்த்தட்டைக் கீழ் நட்டு தாங்குகிறது. மொத்தப் பாரமும் பிளாஸ்டிக் மரையில், பிடரிக்குப் பக்கத்தில். ஒருநாள் கீழ் நட்டு முழுசாகக் கழன்று தட்டு என் முதுகை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது. டைல்ஸ் சில்லு பெயர்ந்தது. தட்டின் ஓரம் வெடித்துச் சாம்பல் நிறத் தூள் கொட்டி, தைத்து மடித்து வைத்திருந்த முகூர்த்தப் பட்டு ஜாக்கெட் மேல் படிந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். நட்டுக்கு வாரண்டி கிடையாது, மெதுவாகப் பயன்படுத்துங்கள் என்றார்கள். எடை தூக்கத்தானே வாங்கியது, அதை எப்படி மெதுவாகப் பயன்படுத்துவது?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 சதவீதம் என்று டாக்டர் சொன்ன பிறகு எடையைக் குறைக்க ஆரம்பித்தேன். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வாரத்துக்கு அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டர். 78 கிலோவிலிருந்து 64-க்கு வந்தேன். முகம் வற்றியது, இடுப்பு குறைந்தது, மேல்கை மட்டும் பை மாதிரி தொங்க ஆரம்பித்தது. என் தொழிலில் கைச்சதை கண்ணில் படாத நாளே இல்லை. 'முட்டி வரைக்கும் கை வச்சுத் தைங்க' என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஃபேஷனுக்காகக் கேட்பதில்லை. வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னால் கூச்சத்தோடு பாதிதான் தூக்குவார்கள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கைப் பயிற்சி செய்தால் கையில் இருக்கும் கொழுப்பு கரையும் என்று விளம்பரத்தில் வருவதை நம்ப வேண்டாம். உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுக்கும் என்பது நாம் எந்த இடத்தை ஆட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது இல்லை. 1971-இல் டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆடுகிற கை பருமனாக இருந்தது, ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பெரிய கத்தரியைப் பிடித்து வருடக்கணக்கில் வலது கையால்தான் துணி வெட்டுகிறேன். எடை கூடியிருந்த காலத்தில் இரண்டு கையும் ஒரே மாதிரிதான் தொங்கின. கொழுப்பு குறைவது சாப்பாட்டாலும் மொத்த நடமாட்டத்தாலும்தான். நான் விடியற்காலையில் வேகமாக நடப்பதையும் சோற்றைக் குறைத்ததையும் விட்டிருந்தால் டம்பெல் ஒன்றும் செய்திருக்காது.

அப்படியென்றால் டம்பெல் எதற்கு? எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது நிற்கும், வளரும். மேல்கைத் தசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு டிரைசெப்ஸ்தான். பலர் முன்பக்கத்தை மட்டும் மடக்கி மடக்கித் தூக்குகிறார்கள். தொங்குகிற இடமோ பின்பக்கம். தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது, குனிந்து கையைப் பின்னால் நீட்டுவது, சுவரில் இரண்டு கையையும் நெருக்கமாக ஊன்றித் தள்ளுவது, இந்த மூன்றும் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒருநாள் ஓய்வு. பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டு கிலோவையே வருடம் முழுக்க ஆட்டிக்கொண்டிருந்தால் கை அங்கேயே நிற்கும். இந்த செட்டில் தட்டு மாற்றி எடை கூட்டலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் பக்கத்துக்கு ஒரு கிலோ தட்டுதான் சின்னது, ஒரே தாவலில் இரண்டு கிலோ கூடிவிடும். பின்கைக்கு அது அதிகம்.

இஞ்ச் டேப் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கையைத் தொங்கவிட்டு அளந்தால் என் சுற்றளவு பதினாலு அங்குலத்திலிருந்து பன்னிரண்டே முக்காலுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் பல மாதம் டேப்பில் ஒரு நூல்கூட மாறவில்லை. ஆனால் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் கீழே தொங்குகிற பகுதி குறைந்துகொண்டேதான் வந்தது. கொழுப்பு போன இடத்தில் தசை வந்தால் சுற்றளவு அப்படியே இருக்கும், உருவம் மாறும். பழைய அளவு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தால் டேப்பைவிட நன்றாகத் தெரியும். முன்பு கை முழுக்க ஒரே இறுக்கமாக இருக்கும். இப்போது தோள்பட்டைக்குக் கீழே நிறைவாகவும் முட்டிக்கு மேலே தளர்வாகவும் உட்காருகிறது.

இனி தோல். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பின்கையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தடிமனாகச் சிக்கினால் இன்னும் கொழுப்பு இருக்கிறது. மெல்லிசாக, மடித்த பருத்தித் துணி போலச் சிக்கினால் அது தோல். தோலை இழுத்து வைத்திருப்பது கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள். வருடக்கணக்கில் விரிந்து கிடந்த தோலில் அவை தளர்ந்திருக்கும். வயது, வெயில், எவ்வளவு எடை குறைந்தது, எவ்வளவு காலம் அந்த எடையில் இருந்தோம் எல்லாம் சேர்ந்துதான் தோல் எவ்வளவு திரும்பும் என்பதை முடிவு செய்கின்றன. எடை நிலைத்த பிறகும் ஒன்றிரண்டு வருடம் வரை அது மெதுவாக இறுகலாம். எனக்கு நாற்பத்துநாலு வயது. அக்குள் பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கிறது, முட்டிக்கு மேலே ஒரு மடிப்பு அப்படியே இருக்கிறது. தசை வளர்ந்து உள்ளே நிரப்பியதால் அது வெளியே தெரிவது குறைந்திருக்கிறது, அவ்வளவே. தேய்க்கிற க்ரீமும் கையில் மாட்டுகிற இறுக்க உறையும் இதை மாற்றாது. உறை போட்டால் வியர்க்கும், கழற்றித் தண்ணீர் குடித்தால் பழையபடி. நிறைய எடை குறைத்து, தோல் மடிந்து புண்ணாகிறவர்களுக்கு பிராக்கியோபிளாஸ்டி என்ற அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு விழலாம். எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகுதான் அதைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் களி சாப்பிட்டால் பலம் என்போம். கேழ்வரகில் கால்சியம் நிறைய, அதில் சந்தேகமில்லை. புரதம் 100 கிராம் மாவில் 7 கிராம் போலத்தான். கொள்ளில் 22 கிராம். ஆகவே களி உருண்டையைச் சின்னதாக்கி, கொள்ளுக் கடைசலை அதிகமாக்கினேன். கூடவே முட்டை, ஒன்றுக்கு 6 கிராம். சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எடை குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்ற 1.2 கிராமுக்கு மேல் வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மாம்பழ சீசனோடு வருகிற வைகாசி முகூர்த்தங்களில் எனக்கு ராத்திரி வரை வேலை இருக்கும். ஹூக் கட்டி, ஹெம்மிங் முடித்து எழுந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்லைக் கட்டியது போல வலிக்கும், தைலம் தேய்க்காமல் தூங்கியதில்லை. அந்த வலி போய்விட்டது. கைச்சதைக்காக வாங்கிய சாமான் தோளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. தையல்காரப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் இல்லை. கை பழையபடி தொங்கினால்கூட இதற்காகவே நான் தூக்குவேன்.

இத்தனை நன்மை சொன்ன பிறகும், பாலக்கோட்டில் இருக்கும் என் நாத்தனார் "அண்ணி, ஆர்டர் போட்டுடட்டுமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம்" என்றுதான் சொன்னேன். அன்று காலையில்தான் நட்டு மறுபடி தளர்ந்திருந்தது, அந்தக் கோபமும் சேர்ந்திருக்கும். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அதே பதில்தான். அவள் தனியாக இருக்கிற நேரத்தில் தலைக்குப் பின்னால் அதைத் தூக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தட்டு, நட்டு எதுவும் இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் இரும்பு டம்பெல்லைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். இரண்டு கிலோவில் ஒரு ஜோடி, பழகின பிறகு மூன்று கிலோவில் ஒரு ஜோடி வாங்கிக்கொள் என்றேன்.

ஏற்கெனவே இந்த செட்டை வாங்கிவிட்டவர்கள் நான் செய்திருப்பதைச் செய்யலாம். பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி, தட்டுக்கும் நட்டுக்கும் நடுவே வாஷராகப் போட்டேன். கொஞ்சம் பிடித்தது. பிறகு விளையாட்டுச் சாமான் கடையில் ராடின் தடிமனுக்குச் சரியான இரும்பு ஸ்பிரிங் கிளிப் கிடைத்தது. தட்டு, கிளிப், அதற்குமேல் நட்டு என்று மாட்டினால் நட்டு தளர்ந்தாலும் தட்டு நகர்வதில்லை. அப்படியும் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பார்த்த பிறகுதான் தலைக்கு மேலே கொண்டுபோகிறேன். இதைக் கேட்டதும் நாத்தனார், "அப்ப உங்க செட்டையே எனக்குக் குடுத்துட்டு நீங்க இரும்புல வாங்கிக்கோங்க அண்ணி" என்றாள். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, முடியாது என்று சொல்லிவிட்டேன்.