ரீகால் உண்மையா என்று சோதிக்கும் இணையப் பக்கங்கள்: ஒரு மதிப்பீடு

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களின் கைப்பேசிக்கு "உங்கள் வாகனம் ரீகால் செய்யப்பட்டுள்ளது" என்ற போலிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. ரீகால் என்றால், தயாரிப்பில் வந்த கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது. வாகன நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கும் ரீகால் சோதனைப் பக்கங்களை எங்கள் வீட்டுக் காருக்கும் ஸ்கூட்டருக்கும் பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். போலியை அடையாளம் காண இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லையோரத்தில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. வண்டி கேரளத்தின் கே.எல். 70 பதிவாக இருக்கும், சிம் கார்டு கோவையில் வாங்கியதாக இருக்கும், சர்வீஸ் விடுவது பொள்ளாச்சியில். ஆகவே செய்தி தமிழிலோ மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வந்தாலும், எந்த ஊர் ஷோரூமின் பெயரில் வந்தாலும், இங்கே யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. எழுத்துப்பிழையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்ற வழக்கமான அறிவுரை எங்களுக்கு அவ்வளவாக உதவாது.

எதிர்வீட்டு அண்ணன் காட்டிய செய்தி ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய வண்டியின் பதிவெண் சரியாக இருந்தது. பிரேக்கில் கோளாறு என்றும், அன்றைக்குள் பதிவு செய்யாவிட்டால் ஆர்.சி. முடக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. கீழே ஒரு லிங்க், அதில் ஒரு சிறு பதிவுக் கட்டணம். "நம்ம வண்டி நம்பரே இருக்கே தம்பி" என்றார் அவர். பதிவெண் வண்டியின் முன்னும் பின்னும் எழுதியிருப்பது, தெருவில் போகும் எவரும் குறித்துக்கொள்ளக்கூடியது. அது சரியாக இருப்பது எதற்கும் சான்றாகாது. ரீகால் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் நிறுவனம் தனித்தனியாகக் கொடுக்கும் அடையாள எண்ணான சேஸ் நம்பரை வைத்தே நடப்பது. ஒரே மாடலாக இருந்தாலும், குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளுக்கு மட்டும் அது பொருந்தும். 2021 செப்டம்பரில் மாருதி சுசுகி 1,81,754 கார்களைத் திரும்ப அழைத்தபோது, 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் வண்டிகள் மட்டுமே அதில் அடங்கின. பரிசோதனையும் பாகம் மாற்றுவதும் இலவசம். ரீகாலுக்குக் கட்டணம் கேட்கும் செய்தியை அந்த ஒரு காரணத்துக்காகவே அழித்துவிடலாம்.

சோதனைப் பக்கத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. செய்தியில் உள்ள லிங்கைத் தொடாமல், நிறுவனத்தின் இணைய முகவரியை நாமே தட்டெழுதித் திறந்து, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸ் நம்பரை உள்ளிட்டால், அந்த வண்டி ரீகாலில் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடுகிறது. நம்பர் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் தாளிலும் இருக்கிறது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. வட்டமாகத் தெரிவதைப் பூஜ்யம் என்றே அடிக்க வேண்டும். பணம், ஓ.டி.பி., வங்கி விவரம் எதையும் நான் பயன்படுத்திய பக்கங்கள் கேட்கவில்லை. இந்த எளிமைதான் இவற்றின் பெரிய சிறப்பு.

குறைகளும் உண்டு. நான் பார்த்த பக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. சிலவற்றில் ரீகால் பகுதி எங்கே இருக்கிறது என்று தேடிக் களைத்துப் போகிறோம். வயதானவர்கள் அதுவரை பொறுமையாக இருப்பதில்லை, கையிலிருக்கும் லிங்கை அழுத்திவிடுகிறார்கள். அந்த லிங்க் சில சமயம் ஏ.பி.கே. கோப்பாக, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பாக இருக்கும், அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. நேரே மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். பக்கம் கிடைக்காதவர்கள், சர்வீஸ் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசி, சேஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

அனுப்புநர் பெயரையும் ஒரு முறை பார்க்கலாம். நிறுவனங்களின் சேவைச் செய்திகள் பதிவு பெற்ற தலைப்பிலிருந்து, அதாவது கைப்பேசி எண்ணுக்குப் பதிலாகத் தெரியும் அனுப்புநர் பெயரிலிருந்து வர வேண்டும். 2025 முதல் அந்தத் தலைப்பின் இறுதியில் எஸ் என்ற எழுத்தும், அரசுச் செய்தியானால் ஜி என்ற எழுத்தும் இருக்கும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் ரீகால் செய்தியை நம்ப வேண்டியதில்லை.

போலி என்று உறுதியானபின் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடிச் செய்திகளைப் பற்றிச் சொல்வதற்கான சக்ஷு பகுதியில் புகாரளிக்கலாம். செய்தி வந்து 30 நாள்களுக்குள் செய்ய வேண்டும். பணம் போய்விட்டால் சக்ஷுவில் காத்திருக்கக் கூடாது, உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பழைய வண்டி வாங்கியவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். உண்மையான ரீகால் தகவல் முந்தைய உரிமையாளரின் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் கைமாறிய வண்டிகள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். போலிக்குப் பயந்து ரீகாலையே புறக்கணித்தால், பழுதான பாகம் வண்டியிலேயே இருந்துவிடும். சேஸ் நம்பரை ஒரு முறை போட்டுப் பாருங்கள், ஷோரூமில் உங்கள் கைப்பேசி எண்ணையும் மாற்றிப் பதிந்துவிடுங்கள்.