எம்ஓடி தேவையில்லாத பழைய கார், கேள்வி கேட்க ஆளில்லாத பில்: ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் அனுபவம்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை நம்மவர்களிடமும் பரவிவிட்டது. எம்ஜிபி, மிட்ஜெட், டிரையம்ஃப் என்று யாரோ ஒருவர் வீட்டு கராஜில் பல வருடம் தூசி படிந்து கிடந்த வண்டியை வாங்கி, "திரும்ப ஓட வைத்துத் தருகிறோம்" என்கிற ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார்கள். அந்த வேலையில் என்னென்ன பித்தலாட்டம் செய்யலாம் என்பதை என் வண்டியிலேயே பார்த்துவிட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பிரேக்கை முழுசாகப் பார்த்துவிட்டோம் என்று பில்லில் எழுதிவிட்டு, பார்க்காமலே வண்டியை ரோட்டுக்கு அனுப்பினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

வண்டி 1978ஆம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. கோவென்ட்ரி கான்லியில் செய்தது. 1493 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யு கார்பரேட்டர், எடை சுமார் 800 கிலோ. ஏன் ஸ்பிட்ஃபயர் என்று கேட்பவர்களுக்கு: அப்பா மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தார். 1960களில் வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் தயாரானது அந்தக் கார். ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிச்செலோட்டி. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்த பானெட்டும் முன்னால் சாய்ந்து திறக்கும் அழகு இரண்டிலும் ஒன்றுதான். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

என் வண்டிக்குக் கடைசியாக எம்ஓடி, அதாவது வருடாவருடம் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை, ஆனது 2009இல். பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி விவரமும் ஓடிய மைலும் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதில் பார்த்தேன். அதன்பின் சோர்ன் (வண்டி ரோட்டில் ஓடாது என்று அரசுக்குத் தரும் அறிவிப்பு) போட்டு உள்ளே நிறுத்திவிட்டார்கள். நின்ற இடத்திலேயே வண்டிக்கு 40 வயது தாண்டிவிட்டது.

இந்த 40 வயதுதான் விஷயமே. 2018 மே மாதம் முதல், 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. வரியும் கிடையாது, விண்ணப்பம் மட்டும் போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து வருடம் நின்ற ஒரு காரை ஒர்க்‌ஷாப் "ரெடி" என்று சொன்னால், அது உண்மையா என்று பார்க்கச் சட்டப்படி இன்னொரு ஆள் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. பில்லில் அவர்கள் எழுதுவதுதான் வேதவாக்கு. "எம்ஓடி எல்லாம் எதுக்கு, உங்க வண்டிக்குத்தான் விலக்கு இருக்கே" என்று ஒர்க்‌ஷாப்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்களிடம் ஒருவர் இதை இரண்டாவது முறை சொன்னால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மிட்லண்ட்ஸ் பக்கம், வாசலில் இரண்டு ஜாகுவார், சுவரில் பழைய ரேஸ் போஸ்டர்கள், நல்ல காபி. மதிப்பீடு 2,400 பவுண்டு. பிரேக் முழுவதும், பெட்ரோல் டாங்க், ஹோஸ்கள், கார்பரேட்டர், எல்லா ஆயிலும் ஃபில்டரும், முன் சஸ்பென்ஷன் எல்லாம் அதில் அடக்கம். முன்பணம் 300 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதியை வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அந்தத் தள்ளுபடியின் அர்த்தம் பின்னால் புரியும்.

வண்டி போய்ச் சேர்ந்த அன்று மாலையே ஒரு வீடியோ அனுப்பினார்கள். "பாருங்க, ஸ்டார்ட் ஆயிடுச்சு!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடம் நின்ற எஞ்சினை யாரும் அப்படி ஸ்டார்ட் செய்வதில்லை. முதலில் பழைய பெட்ரோலை முழுக்க வடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவிட வேண்டும். பிறகு கையால் சுற்றிப் பார்த்து, ஆயில் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் அழுத்தம் வந்த பிறகுதான் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய பெட்ரோல் பிசினாக மாறி வால்வுத் தண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடாகி ஆறும்போது அந்தப் பிசின் வால்வைப் பிடித்துவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்தால் வால்வு அசையாது, அதைத் தள்ளும் புஷ்ராடு என்கிற கம்பி வளையும்.

சொன்னபடியே நடந்தது. சில நாளில் போன்: "இரண்டு புஷ்ராடு வளைந்திருக்கு, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றணும், பழைய வண்டின்னா இப்படித்தான்." வடிக்காத பெட்ரோலில் அவர்களே ஓட்டிக் கெடுத்ததை அவர்களே சரி செய்ய என்னிடம் பணம். வீடியோவைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. கடைசிப் பில் 4,300 பவுண்டுக்கு மேல்.

பணம் கட்டினால்தான் சாவி என்றார்கள். இது மிரட்டல் மாதிரி இருந்தாலும், செய்த வேலைக்குப் பணம் வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க இங்கே ஒர்க்‌ஷாப்புக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அங்கே நின்று கத்திப் பயனில்லை. "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், வேலையை ஒப்புக்கொண்டதாக ஆகாது" என்று பில்லிலேயே எழுதி, படம் எடுத்துக்கொண்டு கட்டுங்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். பிற்பாடு அந்த ஒரு வரி நிறைய உதவியது.

வண்டியை எடுத்து வெளியே வந்தால், முதல் ரவுண்டானாவில் பிரேக் அழுத்தியதும் இடப்பக்கம் இழுத்தது. பெடலை விட்ட பிறகும் இழுவை நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் கருகல் வாசனை. வழியில் எனக்குத் தெரிந்த எம்ஓடி நிலையம் ஒன்று இருந்தது, நேராக அங்கே விட்டேன். விலக்கு உள்ள வண்டிக்கும் நாமாகக் கேட்டு எம்ஓடி செய்துகொள்ளலாம். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. மொத்தக் கதையிலும் உருப்படியாகச் செலவான பணம் அதுதான்.

பிரேக் சோதிக்கும் ரோலரில் ஏற்றியதும் தெரிந்துவிட்டது. முன் இடது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு சக்கரத்தில் பிரேக்கே இல்லை. டெஸ்டர் அந்த ரப்பர் பிரேக் ஹோஸைக் கொஞ்சம் வளைத்துக் காட்டினார். மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ட், வளைத்த இடத்தில் பாளம் பாளமாக வெடிப்பு. பில்லில் "புதிய ஹோஸ் 3" என்று இருந்தது. பழைய ஹோஸ் உள்பக்கம் ஊதி அடைத்துக்கொண்டால், கால் அழுத்தத்தில் பிரேக் ஆயில் உள்ளே போகும், ஆனால் திரும்பி வராது. இழுவைக்கும் கருகலுக்கும் அதுதான் காரணம். ரிப்போர்ட்டில் "ஆபத்தானது" என்ற வகையில் எழுதினார். அப்படி எழுதிவிட்டால் அந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. எம்ஓடி விலக்கு இருந்தாலும், ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம்தான். வீட்டுக்கு டிரெய்லரில் கொண்டுவந்தேன்.

பானெட்டைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஆயில் ஃபில்டரில் பழைய முதலாளி வெள்ளை பெயின்ட் பேனாவால் தேதியும் மைலும் எழுதும் பழக்கம் உள்ளவர். அங்கே 2008 என்று சிரித்துக்கொண்டிருந்தது. "புதிய ஃபில்டர்" என்று பில்லில் இருக்கிறது! பெட்ரோல் ஹோஸும் அதே கதை. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல் என்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பரை அது மென்மையாக்கி வெடிக்கவைக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்றால் பொதுவாக அதன் மேலேயே ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். என் வண்டியில் இருந்தது நூல் சுற்றிய பழைய ஹோஸ். டயரையும் பாலிஷ் போட்டு வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். என்னுடையது 3406. அதாவது 2006ஆம் வருடம் 34ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்து என்ன, ரப்பர் கல்லாகிவிட்டது.

ஆனால் என்னை உட்கார வைத்தது டிரனியன். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ் முனையில் மரை இருக்கும். அது ஒரு பித்தளை டிரனியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் எல்லாம் சுழல்கிறது. அதற்குள் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் போட்டால் நாளடைவில் இறுகி, மரைவரை எதுவும் போய்ச் சேராது. தண்ணீர் மட்டும் போகும். உள்ளே துருப்பிடித்துத் தண்டு மெலிந்து ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்துவிடும். பெரும்பாலும் நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போதோ, மெதுவாகப் போகும்போதோ முறிகிறது என்பார்கள். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி மோட்டார்வேயில் போக முடியுமா?

மெட்ராஸில் அப்பாவின் ஹெரால்டைப் பார்த்த மெக்கானிக் "கீழ கியர் ஆயில்தான் சார், கிரீஸ் துப்பாக்கியைக் கிட்ட கொண்டு வராதீங்க" என்று சொல்வாராம். அதை மனதில் வைத்துத்தான் மதிப்பீட்டிலேயே "டிரனியனுக்கு ஆயில்" என்று தனியாக எழுதச் சொல்லியிருந்தேன். எழுதினார்கள், பணமும் வாங்கினார்கள். டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்பில் பழக்கமான ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து ஜாக் போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் மஞ்சள் கிரீஸ் பிதுங்கி நின்றது. கழற்றினால் இடப்பக்கத் தண்டின் மரையில் துரு பள்ளம் பள்ளமாக அரித்திருந்தது. இரண்டையும் மாற்றினோம்.

போகிறபோக்கில் அவர் இன்னொன்றும் காட்டிக் கொடுத்தார். ஒருவர் கிளட்ச்சை அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் எஞ்சின் முன்னால் உள்ள புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க்‌ஷாஃப்ட்டின் முன்பின் நகர்வைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாஷர் கீழே விழுந்துவிட்டால் எஞ்சின் பிளாக்கே போய்விடும். வண்டி வாங்கப் போகும்போதே இதைச் செய்யலாம். நல்லவேளை, என் வண்டியில் அது சரியாக இருந்தது.

இனி பணத்துக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்புக்குக் கடிதம் எழுதினேன். 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். பதிலாக வந்தது ஒரே வரி: "கொடுத்தபோது வண்டி நன்றாக இருந்தது." வண்டியை எடுத்த அன்றே, சில மைல் தூரத்திலேயே டெஸ்டர் கொடுத்த ரிப்போர்ட் கையில் இருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை.

அடுத்து கார்டு நிறுவனத்திடம் போனேன். 1974ஆம் வருடக் கடன் சட்டத்தில் 75ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றுக்கு, ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. என் முன்பணம் 300 பவுண்டு இந்த இடத்தில்தான் காப்பாற்றியது. வங்கியில் நேராக அனுப்பினால் தள்ளுபடி என்று அவர்கள் ஆசை காட்டியது ஏன் என்று இப்போது தெரிகிறதா? டெபிட் கார்டுக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் இந்தப் பிரிவு கிடையாது. தனியார் பொறியாளர் ஒருவரின் ரிப்போர்ட் கேட்டார்கள், கொடுத்தேன். பிரேக், ஹோஸ், ஃபில்டர், டிரனியன் சம்பந்தப்பட்ட பணம் சில மாதத்தில் திரும்ப வந்தது. புஷ்ராடு பணம் வரவில்லை. பழைய எஞ்சினில் அது தானாகவும் வளைந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு 10,000 பவுண்டு வரை கொண்டுபோகலாம் என்றாலும், அந்தத் தொகைக்காக அலைய எனக்குத் தெம்பில்லை.

யாராவது இப்படி வண்டி விடப் போகிறீர்கள் என்றால், நான் இப்போது எழுத்தில் வாங்கிக்கொள்வது இவ்வளவுதான்: கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் பெட்டியில் போட்டுத் திரும்பத் தரப்பட வேண்டும். என்னிடம் கேட்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மதிப்பீட்டுக்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் முன்கூட்டியே மின்னஞ்சல். கடைசித் தவணை எம்ஓடி பாஸான பிறகு. நல்ல மெக்கானிக்குகள் இதற்குக் கோபப்படுவதில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில், நான் கேட்பதற்கு முன்பே பழைய வீல் சிலிண்டர்களைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. எத்தனால் குறைந்த இ5 சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன், 20டபிள்யூ-50 ஆயில், புது 155 டயர். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமை கூரையை மடக்கிவிட்டு 50 மைல் வேகத்தில் போனாலே 90இல் போகிற மாதிரி இருக்கும், அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருப்போம்.

தனிச் செய்தியில் ஒர்க்‌ஷாப் பெயரைக் கேட்பவர்களுக்கு: பெயர் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அந்தக் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள், அதே இடத்தில் அதே ஜாகுவார்களோடு வேறு பெயரில் நடக்கிறது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் இயக்குநர் பெயரைத் தட்டினால், அவர் இதுவரை திறந்து மூடிய கம்பெனிகள் எல்லாம் வரிசையாக வரும், இலவசம்தான். முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.