மொறிஸ் மைனரில் 5கே எஞ்சின்: போல்ட்டில் பூட்டும் சப்ஃபிரேம் வன்னி றோட்டில் எப்படி நிற்கிறது

மொறிஸ் மைனருக்குத் தனியான சப்ஃபிரேம் கிடையாது. பொடியும் சசியும் ஒரே கூடு. முன்னுக்கு நீளும் இரண்டு தகட்டுக் கால்கள்தான் எஞ்சினையும் முன் சில்லுகளையும் தாங்குகின்றன. ரொயோற்றா 5கே எஞ்சினைப் போடுவதற்கு இங்கே செய்கிற சப்ஃபிரேம், அந்தக் கால்களின் கீழே நட் போல்ட்டில் பூட்டுகிற ஒரு இரும்புத் தொட்டில். வேண்டுமென்றால் கழற்றிவிட்டுப் பழைய எஞ்சினுக்கே திரும்பலாம். பரந்தன், மாங்குளம் தார் றோட்டிலும் மல்லாவி, ஒட்டுசுட்டான் உள்வீதிக் கிரவலிலும் பல மாரி கண்டபிறகு அது என்ன நிலையில் இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறோம்.

தொட்டில் நடுவில் உடைவதில்லை. பெரும்பாலும் அது பூட்டியிருக்கிற பழைய தகடுதான் வெடிக்கும். ஆகவே வேலையில் பாதிக்கு மேல் அந்தத் தகட்டுக்குப் போகவேண்டும்.

5கே எஞ்சினைத் தெரிவதற்குக் காரணம் பவர் அல்ல. 1486 சிசி புஷ்றொட் எஞ்சின், காபரேற்றரில் ஓடும். கம்பியூட்டர் கிடையாது. ரொயோற்றா லைற்ஏஸும் கொறொல்லா டி.எக்ஸ் வகனும் ஓடுகிற வரைக்கும் சாமான் கிடைக்கும். கிளிநொச்சியில் இல்லாதது வவுனியாவில் இருக்கும். கே50 ஐந்து கியர் பொக்ஸை டி.எக்ஸ் வகனில் இருந்து எடுங்கள். லைற்ஏஸில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருப்பதால் கியர் மாற்றும் கம்பிகள் வேறு மாதிரி. அதை மைனருக்குள் கொண்டுவருவது வீண் தலையிடி. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பின் பள்ளமும் வண்டிக்கு வண்டி மாறும். காசு கொடுக்க முன் எஞ்சினைச் சரித்துப் பாருங்கள்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி, பிறகு மரத்துக்குக் கீழே நின்ற வண்டிகள்தான் பெரும்பாலும் கைக்கு வருகின்றன. மேலே பெயின்ற் மினுங்கும். கீழே கால்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமான குறொஸ் மெம்பரின் இரண்டு முனைகளையும் கூர்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். மொத்தைச் சத்தம் வந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகுதான் மற்ற எல்லாம்.

நடுக் குறொஸ் மெம்பரில்தான் பலர் விளையாடுகிறார்கள். கே50 பெரிதாக இருக்கிறது, குறொஸ் மெம்பர் தடுக்கிறது, வெட்டிவிடுவோம் என்று கிறைண்டரை எடுப்பது. மைனரின் முன் சஸ்பென்ஷன் டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் கம்பி. முன் சில்லைப் பிடிக்கும் கீழ்க்கையில் தொடங்கிச் சசிக்கால் ஓரமாகப் பின்னுக்கு ஓடி, அதே குறொஸ் மெம்பரில்தான் முடிகிறது. முன்பக்கப் பாரம் முழுவதும் முறுக்காக மாறி அந்த முனைக்கு வருகிறது. நடுவை வெட்டினால் இரண்டு முனையும் ஆளுக்கொரு பக்கம் திரும்பும். வண்டி சில மாதத்தில் முன்னால் பதியும், கதவு இடைவெளியும் மாறும். வெட்டத்தான் வேண்டும் என்றால், முதலில் கீழே சுற்றிப் போகும் 50×50×3 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரை இரண்டு பக்கமும் வெல்டிங்கில் ஒட்டி முடித்துவிட்டு, பிறகு மேல் பகுதியை எடுங்கள். ஒழுங்கு மாறக்கூடாது. டோர்ஷன் பாரைக் கழற்றுவதானால் கீழ்க்கைக்கு ஜக் கொடுத்து, முறுக்கை மெல்ல இறக்கவேண்டும்.

அளவெடுப்பு: வண்டியை கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் நான்கு ஸ்ராண்ட் கொடுத்து நிறுத்தி, நீர்மட்டம் பார்த்து, கீழே குறுக்குக்கோடு அளக்கவேண்டும். இரண்டு மூலைவிட்டத்துக்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சசி முன்பே அடிபட்டிருக்கிறது. பிறகு உள் சாமான் இல்லாத வெறும் 5கே புளொக்கை கியர்பொக்ஸ் கூட்டோடு மரக்கட்டைகளில் ஏற்றி நிறுத்துங்கள். மைனரின் ஸ்ரியரிங் றக் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. இடத்தைத் தீர்மானிப்பது அதுதான். கிளச்சை மூடும் பெல் ஹவுசிங்குக்கும் றக்குக்கும் 15 மில்லிமீற்றர், ஃபானுக்கும் றேடியேற்றர் கோருக்கும் 25, சம்ப்புக்கும் தொட்டிலின் குறுக்குப் பாருக்கும் 20. அக்சிலேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும் என்பதை மறந்து 5 மில்லிமீற்றர் விட்டால், முதல் குழியிலேயே சத்தம் கேட்கும்.

சாய்வையும் இப்போதே பிடிக்கவேண்டும். கியர்பொக்ஸ் வால் 3 பாகை கீழே, டிஃபரன்ஷல் மூக்கு அதே அளவு மேலே. இரண்டும் சமாந்தரமாக, ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு இல்லாமல் வரவேண்டும். வண்டியின் பாரம் சில்லில் இருக்கும்போது அளந்தால்தான் கணக்கு. புறொப்பெல்லர் ஷாஃப்ற் குறுக்கும்போது கியர்பொக்ஸுக்குள் செருகும் அதன் முனையான யோக் இன்னும் 20–25 மில்லிமீற்றர் உள்ளே போக இடம் விடுங்கள். கடைச்சல் பட்டறையில் வெட்டி ஒட்டிய பிறகு பலன்ஸ் பார்க்காமல் பூட்டினால், நடுத்தர வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு எஞ்சின் மவுண்டிங்கைக் குறை சொல்லித் திரிய நேரும்.

இரும்பு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹாட்வெயாரில் கேட்டவுடன் தருவது கூரை வேலைக்கான ஜி.ஐ. பொக்ஸ் பார். அது மெல்லியது, நாகப்பூச்சு ஒட்டையும் கெடுக்கும், புகையும் ஆளைக் கெடுக்கும். கறுப்பு இரும்பில் 3 மில்லிமீற்றர் வேண்டும். வெட்டிய முனையில் வேர்னியர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பொக்ஸ் பார் இரண்டரை மீற்றர், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் தூண்களுக்கு 6 மில்லிமீற்றர் தகடு, கால்களில் ஒட்ட 3 மில்லிமீற்றர் தகடு. முடிந்த தொட்டில் 15 கிலோவுக்குக் கிட்ட வரும்.

சசிக்கால் உள்ளே வெறுமை. அப்படியே போல்ட்டை இறுக்கினால் தகடு பிதுங்கி, இறுக்கம் நாளடைவில் போய்விடும். 16 மில்லிமீற்றர் துளை போட்டு, அதே வெளிவிட்டமும் 11 மில்லிமீற்றர் உள்விட்டமும் உள்ள குழாயைக் குறுக்கே செருகி, இரண்டு முனையையும் ஒட்டி மட்டம் செய்யவேண்டும். மேலும் கீழும் மூலை உருட்டிய 75×100 தகடு. பக்கத்துக்கு நான்காக எட்டு எம்10 போல்ட், 8.8 தரம், நைலோன் நட், 45 நியூட்டன் மீற்றர் இறுக்கம். கீழ்க்கையின் ஐபோல்ட்டுக்கு 50 மில்லிமீற்றருக்குள் துளை எதுவும் வேண்டாம்.

தொட்டிலை வண்டியில் வைத்துப் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, இறக்கி, கனமான கேர்டரில் பூட்டி முழு ஒட்டுப் போடுங்கள். 2.5 மில்லிமீற்றர் 6013 ஒட்டுக் கம்பிக்கு 75–85 அம்பியர் போதும். மவுண்டிங் தூண்களுக்கு 7018 கம்பி, அதுவும் காய்ந்ததாக. 40 மில்லிமீற்றர் ஒட்டி, எதிர்ப்பக்கம் போய், திரும்பி வரவேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றுவது கிறில் வேலைக்குச் சரி, இதற்கு ஆகாது. ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில் உள்ள பட்டறைகளில் பின்னேரம் வோல்ற்றேஜ் விழும். ஒட்டு மேலே படிந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. முக்கியமான ஒட்டுகளைக் காலையிலே முடியுங்கள். எட்டுப் போல்ட்டும் கையாலேயே உள்ளே போனால் தொட்டில் முறுகவில்லை.

மைனரின் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் கால்தளத்துக்குக் கீழே சசிக்காலுக்குள் இருக்கிறது. தொட்டிலின் வலப்பக்கப் பார் அதன் போல்ட்டை மறைத்தால், ஒரு வாஷர் மாற்றத் தொட்டிலையே இறக்கவேண்டி வரும். சைலன்சர் குழாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கிளச்சுக்குப் பழைய கம்பித் தொடுப்பை விட்டுவிட்டு ஹைட்ரோலிக் போடுவது நல்லது. சிலேவ் சிலிண்டர் பிடி கியர்பொக்ஸில் இருக்கவேண்டும். தொட்டிலில் பிடித்தால் எஞ்சின் அசையும் ஒவ்வொரு தடவையும் கிளச் இழுபடும், வண்டி குலுங்கிப் புறப்படும். எஞ்சினுக்கும் பொடிக்கும் 16 சதுர மில்லிமீற்றர் எர்த் வயர் கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்ராட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் போய் அதைச் சிவக்கக் காய்ச்சும்.

இனி நீண்டகாலப் பாவனை. கிரவல் றோட்டின் அலைதான் பெரிய பகை, குழி அல்ல. விடாமல் வரும் சிறு அதிர்வில் மவுண்டிங் தூணின் முக்கோணத் தகடு முடிகிற இடத்தில், ஒட்டின் விளிம்பில், மயிர்க்கோடாக வெடிப்புத் தொடங்கும். முக்கோணத்தின் நுனியைச் சட்டென முடிக்காமல் நீட்டி மெலித்து, பாரின் அடிப்பக்கத்தில் குறுக்கு ஒட்டுப் போடாமல் விட்ட தொட்டில்களில் இது வரவில்லை. வந்தால் மேலால் ஒட்டி மறைக்காதீர்கள். வெடிப்பின் முனையில் 5 மில்லிமீற்றர் துளை, பிறகு வி வடிவில் கிறைண்ட் செய்து ஒட்டு, அதன்மேல் சாய்சதுரத் தகடு. அடுத்தது, கால்களில் ஒட்டிய தகட்டின் ஓரம். சுற்றிவர ஒரே கோடாக ஒட்டியவைதான் கிழிகின்றன. இடைவிட்டும் துளை நிரப்பியும் ஒட்டியவை நிற்கின்றன.

போல்ட்டுகளை முதல் 500 கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள். மவுண்டிங் றபருக்குக் கொறொல்லாவின் சாதாரண றபரே போதும். பொலியூரித்தேன் போட்டால் ஐடிலில் கண்ணாடி எல்லாம் பேசும். றபரைக் கொல்வது ரப்பெற் கவரில் இருந்து ஒழுகும் ஒயில்தான். ஃபான் கவரில் உரசினால் முதலில் றபரைப் பாருங்கள்.

மாரிக்குப் பிறகு பார்களுக்குள் சேறு நிற்கும். தாழ்ந்த புள்ளிகளில் 10 மில்லிமீற்றர் வடிகால் துளை, உள்ளே மெழுகு அல்லது பழைய ஒயில். முல்லைத்தீவுக் கரையோரம் ஓடுகிற வண்டிக்கு றெட் ஒக்சைட் ஒரு வருடமும் தாங்காது. எப்பொக்சிப் பிறைமர் போட்டால்தான் பெயின்ற் நிற்கும்.

ஓட்டம் நல்லது. 1098 சிசி மைனரின் 4.22 விகித டிஃபரன்ஷலோடு, 80 கிலோமீற்றர் வேகத்தில் நாலாம் கியரில் 3100 சுற்றுக்குக் கிட்ட. ஐந்தாம் கியரில் 2700க்குக் கிட்ட இறங்கும். 948 சிசி மைனரின் 4.555 இருந்தால் ஏ9 ஓட்டத்துக்கு அதை மாற்றுவது நல்லது. முதலாம் கியரில் முழு மிதி மிதித்துப் புறப்படுகிறவர்களுக்கு பின் சில்லைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ற் உடையும். அதற்குத் தொட்டில் பொறுப்பல்ல. முன் பிரேக் குறைந்தது 1098 வண்டியின் 8 அங்குல ட்ரம்மாக இருக்கவேண்டும். 7 அங்குலத்தோடு இந்த எஞ்சினை ஓட்டக்கூடாது.

பிடிக்காதவையும் உண்டு. ஒயில் பில்டரை எடுக்கக் கை நுழைவது கஷ்டம். சம்ப்புக்குக் கீழே போட்ட 3 மில்லிமீற்றர் காவல் தகடு கல்லைத் தடுக்கும், வெயிலில் சூட்டையும் பிடித்து வைக்கும். வடிகட்டும் போல்ட்டுக்கு நேரே 60 மில்லிமீற்றர் துளையும், பின் ஓரத்தில் காற்றுப் போக நீள வெட்டும் வேண்டும். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்தவேண்டும் என்பதால், வெட்ட முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.