ஆய்வகக் காவலுக்கு யார்?

பெங்களூரின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இணையப் பாதுகாப்புக்கு ஐடி வல்லுநரை எடுத்து உயிரியல் கற்பிக்கலாம். அல்லது ஆய்வகப் பணியாளருக்கே பாதுகாப்பைக் கற்பிக்கலாம்.

முன்னது வேகமானது. பெங்களூரின் அல்சூர் பகுதித் தமிழர்களிடையே ஐடி ஆட்களுக்கா பஞ்சம்! ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்க அவர் ஆய்வகக் கருவியை நிறுத்துவார். நொதிகலனில் வளரும் நுண்ணுயிர் அதுவரை காத்திருக்காது. பழைய விண்டோஸில் ஓடும் கருவியோ, புதுப்பித்தால் முடங்கவும் கூடும்.

பின்னது மெதுவானது. ஆனாலும் நுண்ணுயிர் வளர்ப்பைத் தொடங்கும் விதை மாதிரிகள் இருக்கும் குளிர்பெட்டி காட்டும் வெப்பநிலை பொய், யாரோ ஊடுருவியிருக்கலாம் என்று முதலில் சந்தேகிப்பவர் ஆய்வகப் பணியாளர்தான். இணையத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. கவனிக்கவே ஆளில்லை என்றால்?

என் ஓட்டு பின்னதற்கே. வெளியிலிருந்து வரும் ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வாலை மட்டும் ஐடிக்காரரிடம் விடலாம்.