‘பெரியல்’ என்றால் சடங்கா, கல்லறையா? மிச்சிகனின் இடைக்கால ஆங்கில அகராதி: ஒரு மதிப்பீடு

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் இரண்டாம் கன்னியாஸ்திரீ சொல்லும் கதையில் ஓர் இடம் வருகிறது. கிறிஸ்தவர்களை ரோம் வேட்டையாடிக்கொண்டிருந்த காலம். முதியவரான போப் அர்பன், புனிதர்களின் ‘புரியெல்ஸ்’ நடுவே ஒளிந்திருக்கிறார். இன்றைய ‘பெரியல்’ (burial) என்ற சொல்லின் பழைய வடிவம் அது. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் படித்தால், அடக்கச் சடங்குகளுக்கு நடுவே அவர் எப்படி ஒளிந்தார் என்று குழப்பம்தான் மிஞ்சும். அவர் ஒளிந்திருந்தது கல்லறைகளுக்கு நடுவே, அதாவது ரோமின் நிலத்தடிப் புதைகுகைகளில். சாசரின் நாளில் அந்தச் சொல் முதலில் குறித்தது இடத்தை. சடங்கு என்ற பொருள் மேலோங்கியது பிற்பாடு.

பழங்காலத்து ஆங்கிலத்துக்கான எந்த அகராதியையும் எடைபோட இந்த ஒரு சொல் போதும். பொருள் மாறியிருக்கிறது, எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர் வேறு, ஒருமை பன்மையிலும் குளறுபடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியை இதை வைத்தே பார்க்கலாம்.

அடிப்படைத் தகவல் முதலில். ஏறத்தாழ 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலம் இதன் எல்லை. அச்சில் 1952இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்து 2001இல் முடிந்தது. சுமார் 15,000 பக்கம். 2007 முதல் முழுவதும் இணையத்தில் இலவசம். பதிவு செய்ய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கூடவே நூற்பட்டியலும் இடைக்கால நூல்களின் முழுப் பாடத் தொகுப்பும் இணைந்திருக்கின்றன.

தேடல் பெட்டியில்தான் முதல் வழுக்கல். இன்றைய எழுத்துக்கூட்டலை அப்படியே போட்டு, தலைச்சொல்லில் (பதிவின் தலைப்பாக நிற்கும் சொல்லில்) மட்டும் தேடச் சொன்னால் கைக்குக் கிடைக்காது. இந்த அகராதி சொற்களை இடைக்கால வடிவத்தில்தான் அடுக்கியிருக்கிறது: பி, ஐ, ஆர், ஐ, ஈ, எல் என்று தொடங்கும் பதிவுதான் நமக்கு வேண்டியது. ஆகவே ‘மாற்று எழுத்துக்கூட்டல்களுடன் தலைச்சொல்’ என்ற தேர்வை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து உறுதியாகத் தெரியாத இடத்தில் கேள்விக்குறி ஓரெழுத்துக்கு நிற்கும். உடுக்குறி (*) எத்தனை எழுத்துக்கும் நிற்கும். பி, கேள்விக்குறி, ஆர், கேள்விக்குறி, ஈ, எல், கடைசியில் உடுக்குறி: இப்படிப் போட்டால் ஐ, ஈ, யூ, ஒய் எது வந்தாலும் அகப்படும். கூடவே பீப்பாயையும் முரட்டுக் கம்பளித் துணியையும் குறிக்கும் சொற்களும் வந்து நிற்கும். அவற்றையும் இரட்டை ஆர் போட்டு எழுதியவர்கள் உண்டு. வலை பெரிதாக இருந்தால் குப்பையும் சேரத்தான் செய்யும்.

பதிவைத் திறந்ததும் பொருளுக்குத் தாவாமல், மேலே இருக்கும் எழுத்துக்கூட்டல் வரிசையை ஒருமுறை நின்று பாருங்கள். பழைய ஆங்கிலத்தில், அதாவது 1100க்கு முந்திய ஆங்கிலத்தில், புதைத்தலைக் குறித்த ‘பைர்கன்’ என்ற வினைக்கு நடுவில் இருந்த ஒய் உயிரெழுத்து, வடக்கிலும் கிழக்கு மிட்லண்ட்ஸிலும் ஐ ஆயிற்று; தென்கிழக்கில் கென்ட் பக்கம் ஈ; மேற்கிலும் தென்மேற்கிலும் யூ. ஒரு கையெழுத்துப்படியில் எந்த உயிர் வருகிறது என்பதை வைத்தே அதை எழுதியவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு ஊகிக்கலாம். இன்றைய ஆங்கிலம் இதில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது: யூ எழுத்தை மேற்கிலிருந்தும், ‘பெரி’ என்ற உச்சரிப்பைக் கென்டிலிருந்தும் எடுத்துக்கொண்டது. எழுதுவது ஒன்று, சொல்வது வேறொன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் அகராதி இதை உங்களுக்கு விளக்காது. உச்சரிப்புக் குறிப்பே கிடையாது. சொற்பிறப்புப் பகுதியும் ஒரு வரியில் முடிந்துவிடும். எழுத்துக்கூட்டலை மட்டும் தரும், மிச்சத்தை நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அந்தக் கடைசி எஸ். இந்தச் சொல்லின் உயிரே அதில்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கல்லறையைக் குறித்த ‘பைர்கெல்ஸ்’ என்பது ஒருமை. எல்ஸ் என்பது விகுதி. பன்மையோடு அதற்குத் தொடர்பில்லை. காலப்போக்கில் பேசியவர்கள் அந்த எஸ்ஸைப் பன்மைக் குறி என்று நினைத்து, அதை வெட்டிப் புது ஒருமை ஒன்றைச் செய்துகொண்டார்கள். ‘ரிட்டில்’ என்ற விடுகதைச் சொல்லும் இப்படி எஸ்ஸை இழந்தது. செர்ரியும் பட்டாணியும் அதே கதை. பிறகு ‘ஃப்யூனரல்’ போன்ற சொற்களின் சாயலில் கடைசி உயிரும் ஏ ஆகி, இன்றைய வடிவம் வந்தது.

இதனால் நடைமுறையில் வரும் சிக்கல்: எஸ்ஸோடு வரும் ஒரு மேற்கோளில் ஒரு கல்லறையா பல கல்லறையா என்று சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அருகில் இருக்கும் வினையையும் சுட்டையும் பார்க்க வேண்டும். அகராதியின் வலு இங்கேதான் தெரிகிறது. அதன் மேற்கோள்கள் சொல்லை வாக்கியத்தோடு தருகின்றன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வந்த விக்ளிஃப் விவிலியத்தின் பிந்திய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 27:60இல் யோசேப்பு பாறையில் வெட்டி வைத்திருந்த புதிய கல்லறை எஸ் இல்லாமல், தெளிவான ஒருமையில் வருகிறது. அதே அதிகாரம் 52ஆம் வசனத்தில் கல்லறைகள் திறந்தன என்னும் இடத்தில் எஸ் உண்டு, வினையும் பன்மை. வெட்டுப்பட்ட புது ஒருமை அதற்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு இந்த இரண்டு வசனமும் போதும். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் அசுத்த ஆவி பிடித்தவன் குடியிருந்த இடமும் இதே சொல்தான். சடங்கில் யாரும் குடியிருக்க முடியாது! 1611இன் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் யோசேப்பின் கல்லறைக்குப் பிரெஞ்சு வழி வந்த ‘டூம்’ (tomb) என்ற சொல் உட்கார்ந்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இந்த இரட்டைப் பொருள் அந்நியமல்ல. ‘சமாதி ஆனார்’ என்றால் நிகழ்ச்சி, ‘சமாதி கட்டினார்கள்’ என்றால் கட்டடம். கல்லறை என்பதோ இடம் மட்டுமே. மொழிபெயர்ப்பவர் இடைக்காலப் பாடத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் முதலில் கல்லறை என்று வைத்துப் பார்த்து, அது பொருந்தாத இடத்தில் மட்டும் அடக்கம் என்று மாற்றுவது நல்லது. நேர்மாறாகத் தொடங்கினால் பிழை உறுதி.

மேற்கோளுக்கு முன் நிற்கும் ஆண்டில் பலரும் சறுக்குகிறார்கள். சிறிய ஏ எழுத்தும் 1400உம், அடைப்புக்குள் ஏ 1325உம் இருந்தால், கையெழுத்துப்படி 1400க்குச் சற்று முந்தியது, நூல் இயற்றப்பட்டது 1325க்கு முன் என்று பொருள். ஏ ‘முன்’, சி ‘ஏறத்தாழ’. வெளியே இருக்கும் ஆண்டை நூலின் ஆண்டு என்று குறித்துக்கொண்டால் முக்கால் நூற்றாண்டு தவறிவிடும். எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசும்போது படியின் ஆண்டுதான் சாட்சி. பொருளைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பயன்படுத்திப் பழகியவருக்கு இந்த ஏற்பாடு பொறாமையைத்தான் தரும். அங்கே நூற்பெயரும் பாடல் எண்ணும் உண்டு, ஆண்டு இல்லை.

நூற்பெயர்கள் கொடூரமாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன. சுருக்கத்தைச் சொடுக்கினால் நூற்பட்டியலுக்குப் போகும். எந்தக் கையெழுத்துப்படி, எந்தப் பதிப்பு என்று அங்கே தெரியும். கட்டுரைக்கு மேற்கோள் எடுப்பவர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. வரையறைகள் பெரும்பாலும் ஒத்த சொற்களின் வரிசை. கல்லறை, புதைகுழி என்று அடுக்கிவிட்டு நகர்ந்துவிடும். மண்ணில் வெட்டிய குழியா, கல்லில் குடைந்த அறையா, மேலே எழுப்பிய மேடா என்ற வேறுபாட்டை மேற்கோளைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். மேற்கோள்களுக்கு இன்றைய ஆங்கில உரை கிடையாது. பழைய ‘தோர்ன்’ (þ) எழுத்து மேற்கோளில் அப்படியே நிற்கும், தலைச்சொல்லில் டி, எச் ஆகியிருக்கும். மேற்கோளுக்குள் தேடும்போது இரண்டு வடிவத்திலும் தேடிவிடுவது பாதுகாப்பு. இடைக்கால ஆங்கிலத்தை இப்போதுதான் தொடங்கும் மாணவருக்கு இந்த அகராதி மட்டும் கையில் இருந்தால் தவிப்புதான்.

1100க்கு முன்னால் போக வேண்டுமென்றால் இது உதவாது. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் பாஸ்வொர்த்–டாலர் ஆங்கிலோ-சாக்சன் அகராதியைத் திறக்க வேண்டும். அங்கே இதே சொல் வேறு முகம் காட்டும்: நிலக்கொடைச் சாசனங்களில் எல்லை சொல்லும்போது ‘புறச்சமயத்தாரின் புதைவிடம்’ வரை போய், அங்கிருந்து திரும்பி என்று எழுதினார்கள். நம் செப்பேடுகளில் புற்றும் ஏரிக்கரையும் எல்லையாக வருவதுபோல, அங்கே பழைய புதைவிடம் எல்லைக்கல். 1500க்குப் பின்னால் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. அதற்குச் சந்தா வேண்டும். விளக்கம் அங்கே சீராக இருக்கும். ஆனால் இடைக்காலத்து மேற்கோள்களின் செறிவில் மிச்சிகன்தான் மேல். சந்தாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைத் துருவி முடிப்பது புத்திசாலித்தனம்.

வரையறைக்குள் தேடும் வசதியைப் பலர் தொடுவதே இல்லை. அதில் ‘கிரேவ்’ (grave) என்று போட்டால் கடுமை, கம்பீரம் என்ற பொருளுள்ள சொற்களும் கலந்து வரும். ‘டூம்’ என்று போட்டால் விளைச்சல் சுத்தமாக இருக்கும். கல்லாலான சவப்பெட்டியைக் குறித்த ‘த்ரூ’, பிணத்துக்கான வேலியிட்ட நிலமான ‘லிட்டன்’ போன்ற உறவுச் சொற்களைத் தேட இதுவே வழி. படுக்கும் இடம் என்ற பொருளிலிருந்து புதைகுழியான ‘லேர்’ என்ற சொல் இன்னும் சாகவில்லை. ஸ்காட்லாந்தில் இடுகாட்டில் விலைக்கு வாங்கும் நிலத்துண்டுக்கு இன்றும் அதுதான் பெயர். விலங்கின் குகை என்று மட்டும் அதை அறிந்தவர் அங்குள்ள இடுகாட்டுப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு கணம் திகைத்துத்தான் போவார்.