ஐடபிள்யூஆர்6843 ரேடார் போர்டு: டெமோ ஓடிய பிறகுதான் வேலை

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐடபிள்யூஆர்6843ஐஎஸ்கே போர்டு முதல் நாளில் யாரையும் ஏமாற்றுவதில்லை. மைக்ரோ யூஎஸ்பி கேபிளைச் செருகி, கூடவே வரும் டெமோவை ஏற்றினால் சீக்கிரமே திரையில் புள்ளிகள் நகர ஆரம்பித்துவிடும். அதே போர்டைச் சுவரில் மாட்டி, ஆள் நடமாட்டத்தை நாள் முழுக்கப் பதிவு செய்யச் சொல்லும்போதுதான் தலைவலி தொடங்கும். விலகிப் போகிறவர் நெருங்கி வருவதாகக் காட்டும், நாற்காலியில் உட்கார்ந்தவர் காணாமல் போவார், யாருமில்லாத அறையில் மூன்று பேர் உலாவுவார்கள். பழுதான போர்டு என்று நினைத்துத் திருப்பி அனுப்பத் தோன்றும். பெரும்பாலும் குற்றம், ரேடார் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் கான்ஃபிக் கோப்பில்தான் இருக்கும்.

60 முதல் 64 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் எஃப்எம்சிடபிள்யூ ரேடார் இது, அதாவது அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே தொடர்ந்து அலை அனுப்புவது. அனுப்ப 3 ஆன்டெனா, வாங்க 4. கார்டெக்ஸ் ஆர்4எஃப் புராசஸரும் சி674எக்ஸ் டிஎஸ்பியும் (சிக்னல் கணக்குக்கான புராசஸர்) சிப்புக்குள்ளேயே இருப்பதால், தூரம், வேகம், கோணம் எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுப் புள்ளிகளாக அனுப்பிவிடும். கணினிக்குப் பெரிய வேலை இல்லை, ராஸ்பெர்ரி பை போதும்.

ஃபிளாஷ் செய்வதில், அதாவது நிரலைப் போர்டில் ஏற்றுவதில், தடுமாறும் இடம் எஸ்ஓபி ஸ்விட்ச். சிப் எந்த மோடில் பூட் ஆக வேண்டும் என்று சொல்வது அதுதான். ஃபிளாஷ் மோடுக்கு எஸ்ஓபி0-வும் எஸ்ஓபி2-வும் 1, எஸ்ஓபி1 மட்டும் 0. ஓட்டும் மோடுக்கு எஸ்ஓபி2-வை 0 ஆக்கினால் போதும். எந்தச் சின்ன ஸ்விட்ச் எதற்கு என்பது போர்டின் திருத்தப் பதிப்பைப் பொறுத்து மாறும், அதனால் கையில் இருக்கும் போர்டுக்கான கையேட்டுப் படத்தையே பாருங்கள். ஸ்விட்சை மாற்றியதும் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டும். எஸ்ஓபி நிலையைச் சிப் பூட் ஆகும்போது மட்டுமே படிக்கும். ஃபிளாஷ் மோடிலேயே விட்டுவிட்டால் கணினியில் போர்ட்கள் தெரியும், ஆனால் கட்டளைத் திரையில் ப்ராம்ப்ட் வராது. இந்த அறிகுறியைக் கண்டால் வேறெதையும் தோண்ட வேண்டாம்.

போர்டில் இருக்கும் சிபி2105 சிப் இரண்டு சீரியல் போர்ட்களைத் தரும். 'என்ஹான்ஸ்டு' என்று வருவது கட்டளைக்கு, வேகம் 115200 பாட். 'ஸ்டாண்டர்டு' என்று வருவது தரவுக்கு, 921600 பாட். ஃபிளாஷ் செய்யும் மென்பொருளான யூனிஃபிளாஷிலும் என்ஹான்ஸ்டு போர்ட்டைத்தான் தர வேண்டும். வேறொரு டெர்மினல் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் ஃபிளாஷ் தொடங்கவே தொடங்காது. லினக்ஸில் டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்ற எண்களை நம்பாதீர்கள், இன்னொரு கருவியைச் செருகினால் வரிசை மாறிவிடும். சீரியல் பை-ஐடி பாதையில் இன்டர்ஃபேஸ் எண்ணோடு வரும் பெயரைப் பயன்படுத்தினால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் மாறாது. பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்க மறந்தால் அனுமதி இல்லை என்று நிற்கும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய லேப்டாப்பின் யூஎஸ்பி 2 போர்ட், ஒன்றரை மீட்டர் மலிவு கேபிள் என்று சேர்ந்தால், சென்சார் ஸ்டார்ட் கட்டளை போனவுடன் இரண்டு போர்ட்களும் சேர்ந்து மறையும். அனுப்பும் ஆன்டெனாக்கள் வேலை செய்யத் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் தாவுவதுதான் காரணம். யூஎஸ்பி 3 போர்ட் அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப், குட்டையான தடித்த கேபிள், இவ்வளவுதான் மருந்து.

இனி கான்ஃபிக். எல்லாவற்றுக்கும் ஆணிவேர் புரொஃபைல் சிஎஃப்ஜி வரி. ரேடார் அனுப்பும் ஒவ்வொரு சிர்ப்பும் (அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் சிறு துடிப்பு) எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது இதுதான். கூடவே வரும் கோப்புகளில் பரவலாகக் காணப்படும் மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்: தொடக்கம் 60 கிகாஹெர்ட்ஸ், ஐடில் நேரம் (இரண்டு சிர்ப்களுக்கு இடையே சும்மா இருப்பது) 359 மைக்ரோ செகண்ட், ஏற்றம் 57.14 மைக்ரோ செகண்ட், சரிவு (அதிர்வெண் ஏறும் வேகம்) ஒரு மைக்ரோ செகண்டுக்கு 70 மெகாஹெர்ட்ஸ், மாதிரிகள் 256, மாதிரி வேகம் 5209 கேஎஸ்பிஎஸ் (வினாடிக்கு அத்தனை ஆயிரம் மாதிரிகள்).

256 மாதிரிகளை எடுக்க ஆகும் நேரம் 49.1 மைக்ரோ செகண்ட். அதை 70-ஆல் பெருக்கினால் 3440 மெகாஹெர்ட்ஸ், இதுதான் உண்மையில் பயன்படும் பட்டை அகலம். ஒளியின் வேகத்தை இதன் இருமடங்கால் வகுத்தால் தூரப் பிரிதிறன் (எவ்வளவு நெருங்கிய இரண்டைத் தனித்தனியாகக் காட்டும் என்பது) 4.4 செமீ வரும். 4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் 3.75 செமீ கிடைக்கும் என்று விளம்பரத் தாளைப் பார்த்து நம்பியவர்களுக்கு வித்தியாசம் எங்கே போனது என்பது இதில் விளங்கும். அதிகபட்சத் தூரம் 256 பின்களுக்கு (தூரத்தைக் கூறுபோட்ட பிரிவுகளுக்கு) 11.16 மீ. வடிகட்டி விளிம்பில் சிக்னல் தளர்வதால் அதில் 80 சதவீதத்தையே நம்பலாம். கோப்பில் எங்கிருந்தோ வந்து நிற்கும் 8.92 என்ற எண் அதுதான்.

வேகம்தான் பலரையும் கவிழ்க்கும். மூன்று ஆன்டெனாவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிர்ப் அனுப்புவதால், ஒரே ஆன்டெனாவின் முறை திரும்ப வர, ஐடிலும் ஏற்றமும் சேர்ந்த 416 மைக்ரோ செகண்டின் மூன்று மடங்கு, அதாவது 1.25 மில்லி செகண்ட் ஆகிறது. அலைநீளம் 4.84 மிமீ. இதை 1.25 மில்லி செகண்டின் நான்கு மடங்கால் வகுத்தால் வினாடிக்கு 0.97 மீ. அதற்குமேல் வேகம் போனால் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்துவிடும். சாதாரணமாக 1.3 மீ வேகத்தில் விலகி நடப்பவர் மைனஸ் 0.64 என்று, அதாவது நெருங்கி வருவதாகக் காட்டப்படுவார். அதோடு போவதில்லை. ஆன்டெனாக்கள் வெவ்வேறு நேரத்தில் அனுப்புவதால் வரும் கட்ட (ஃபேஸ்) மாற்றத்தை இந்த வேகத்தை வைத்தே சிப் சரிசெய்கிறது. வேகம் தப்பானால் கோணமும் தப்பும், ஆள் பக்கவாட்டில் குதிப்பார். ஆளைப் பின்தொடரும் நிரலைக் குறை கூறி 'ட்ராக்கர் சரியில்லை' என்று சொல்லப்படும் பல குறைகளின் பின்னால் இந்த ஐடில் நேரம்தான் இருக்கிறது.

ஐடிலை 30 மைக்ரோ செகண்டுக்குக் குறைத்தால் உச்ச வேகம் 4.6 மீ ஆகும், நடப்பவருக்கும் ஓடும் குழந்தைக்கும் போதும். ஆனால் ஒரு ஃபிரேமில் (ஒரு அளவீட்டுச் சுற்றில்) ஆன்டெனாக்களின் முறை எத்தனை தடவை திரும்பும் என்ற லூப் எண்ணிக்கை 16 என்றே இருந்தால் வேகப் பிரிதிறன் 0.58 மீ ஆகக் கெட்டுவிடும். 64 லூப் வைத்தால் 0.145 மீ கிடைக்கும் என்று ஆசைப்பட்டால் மெமரி இடிக்கும்: 256 பின், 4 வாங்கி, 3 அனுப்பி, 64 லூப், மாதிரிக்கு 4 பைட், எல்லாவற்றையும் பெருக்கினால் சரியாக 768 கிலோபைட். சிப்பின் எல்3 மெமரி மொத்தமே அவ்வளவுதான். கண்டறிதல் மேட்ரிக்ஸுக்கு இடமே இல்லை, சென்சார் ஸ்டார்ட் பிழையோடு நின்றுவிடும். 32 லூப்பும் 0.29 மீ பிரிதிறனும்தான் மூன்று ஆன்டெனாவுக்கு நடைமுறையில் ஒத்துவரும். உயரம் தேவையில்லை என்றால் சேனல் சிஎஃப்ஜியில் எந்தெந்த ஆன்டெனா அனுப்பும் என்று குறிக்கும் மாஸ்க் எண்ணை 7-லிருந்து 5 ஆக்கி, நடு ஆன்டெனாவுக்கான சிர்ப் வரியை நீக்கி, ஃபிரேம் சிஎஃப்ஜியில் கடைசிச் சிர்ப் எண்ணையும் 1 ஆக்குங்கள். 64 லூப் அப்போது 512 கிலோபைட்டில் அடங்கும், உச்ச வேகம் 6.9 மீ ஆகும்.

உட்கார்ந்தவர் மறைவது வேறு கதை. கிளட்டர் ரிமூவலை 1 ஆக்கினால், ஒரு ஃபிரேமுக்குள் உள்ள சிர்ப்களின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடும். சுவரும் மேசையும் ஒழியும், அசையாமல் புத்தகம் படிப்பவரும் ஒழிவார். ஒரு ஃபிரேமின் 20 மில்லி செகண்டில் மூச்சால் நெஞ்சு நகரும் தூரம் மிமீயின் பத்தில் ஒரு பங்கு அளவே, அது சராசரியோடு போய்விடும். அதே மூச்சைப் பல ஃபிரேம்களுக்குக் குறுக்கே பார்த்தால் தெளிவாகத் தெரியும், ஒரு மிமீ அசைவுக்கே கட்டம் 149 டிகிரி மாறும். ஆகவே ஆள் இருக்கிறாரா என்பது மட்டும் கேள்வி என்றால் புள்ளிகளை நம்பாமல் அந்தத் தூரப் பின்னின் கட்டத்தைச் சில வினாடிகள் தொடர்ந்து பார்க்கும் வழிக்குப் போவது நல்லது.

பேய்ப் புள்ளிகளுக்கு வருவோம். நம் வீடுகளில் முதல் குற்றவாளி சீலிங் ஃபேன். 1200 மிமீ விட்டமுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்றுச் சுற்றினால் இறக்கை நுனி வினாடிக்கு 22 மீ போகிறது. எந்தக் கான்ஃபிக்கிலும் அது சுற்றிச் சுற்றி வந்து எல்லா வேகப் பின்களிலும் சிதறும். போர்டின் உயரக் கோணப் பிரிதிறன் மிக மோசம் என்பதால் ஃபேன் மேலேதான் இருக்கிறது என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2 மீ உயரத்தில் 10 முதல் 15 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினால் ஃபேன் பார்வையின் மேல் விளிம்புக்கு வெளியே போகும். மீதியை, ஆளைத் தேடும் இடத்தை வரையறுக்கும் ட்ராக்கரின் எல்லைப் பெட்டியில் வெட்டுங்கள். சென்சார் பொசிஷன் வரியில் உண்மையான உயரத்தையும் சாய்வையும் தராவிட்டால் அந்தப் பெட்டி தப்பான இடத்தில் விழும்.

இரண்டாவது, இரும்பு பீரோ. அது 60 கிகாஹெர்ட்ஸுக்குக் கண்ணாடி மாதிரி. ஆளோடு ஒத்திசைந்து, சுவருக்கு அப்பால் நடக்கும் பலவீனமான இன்னொரு ஆள் தெரிந்தால் அது பிரதிபலிப்பு. எவ்வளவு பலமான எதிரொலியைப் புள்ளியாக ஏற்பது என்ற சிஎஃப்ஏஆர் வரம்பை 15 டிபியிலிருந்து ஏற்றினால் பேய் குறையும், தூரத்து ஆளும் சேர்ந்து குறைவார். எனவே வரம்பைத் தொடும் முன் எல்லைப் பெட்டியை அறைச் சுவர்களுக்கு 20 செமீ உள்ளே இழுத்துப் பாருங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கிடைக்கோணப் பிரிதிறன் ஏறக்குறைய 15 டிகிரி. 3 மீ தூரத்தில் முக்கால் மீட்டருக்குள் அருகருகே நடக்கும் இருவரை ஒருவராகவே எண்ணும். தலை எண்ணும் வேலைக்கு இதை வாசலில் வைப்பவர்கள் இதை முன்னாலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் போட்ட பிறகு தூரம் குறைந்தால் மூடியைச் சந்தேகியுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் டைஎலக்ட்ரிக் மாறிலி சுமார் 2.8, அதற்குள் அலைநீளம் 2.9 மிமீ ஆகச் சுருங்கும். மூடித் தடிமன் அதில் பாதி, அதாவது 1.45 மிமீ, அல்லது முழு 2.9 மிமீ இருந்தால் அலை சுலபமாகக் கடக்கும். கைக்கு வசதி என்று பலர் அச்சிடும் 2.2 மிமீ தான் மிகவும் மோசம். 3டி அச்சில் இன்ஃபில் (உள் நிரப்பு) 100 சதவீதம் வேண்டும், கார்பன் கலந்த கறுப்பு ஃபிலமென்ட்டும் மெட்டாலிக் பெயின்ட்டும் கூடாது. மூடியோடும் மூடியில்லாமலும் ரேஞ்ச் புரொஃபைலை (தூரவாரியான எதிரொலி அளவை) ஒப்பிட்டால் முதல் சில பின்களில் எழும் மேடு உண்மையைச் சொல்லிவிடும். அந்த மேட்டைக் கழிக்க காலிப் டிசி ரேஞ்ச் சிக் வரி இருக்கிறது, ஆனால் அது தொடங்கும்போது போர்டுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் அவரையும் சேர்த்துக் கழித்துவிடும்.

அளவீட்டுச் சரிபார்ப்புக்கு விலை உயர்ந்த ரிஃப்ளெக்டர் வேண்டாம். செங்கோணத்தை ஒட்டிய விளிம்புகள் 10 செமீ உள்ள மூன்று செங்கோண முக்கோண அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூலையில் சேர்த்தால் 17.9 சதுர மீட்டர் பரப்புக்கு இணையான எதிரொலி கிடைக்கும், மனித உடல் தருவதைவிடப் பல மடங்கு. அதை நேர் எதிரே 1.5 மீட்டரில் நிறுத்தி, மெஷர் ரேஞ்ச் பயாஸ் வரியை இயக்கினால், கட்டளைத் திரையில் வரும் புதிய ஈடுகட்டும் வரியை அப்படியே கோப்பில் ஒட்டலாம். செங்குத்து ஒரு டிகிரி பிசகினாலும் எதிரொலி குறையும், மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

தரவைப் படிக்கும் நிரல் எழுதுவோர், முழுப் பரப்பின் எதிரொலி பலத்தைக் காட்டும் ஹீட்மேப்பை மறந்துவிடலாம். 921600 பாட்டில் வினாடிக்கு 92 கிலோபைட்தான் போகும். 256 பின்னுக்கு ஒரு ஹீட்மேப் 8192 பைட், அனுப்பவே 89 மில்லி செகண்ட். ஃபிரேம் 100 மில்லி செகண்டுக்கு ஒன்று என்றால் புள்ளிகளுக்கு மூச்சுவிட இடமில்லை. பாக்கெட் 02 01 04 03 06 05 08 07 என்று தொடங்கும், தலைப்பு 40 பைட், மொத்த நீளம் 32-இன் மடங்காக நிரப்பப்பட்டிருக்கும். உள்ளே வரும் பகுதிகளுக்கு வகை எண் உண்டு: வகை 1-இல் ஒரு புள்ளிக்கு 16 பைட், வகை 7-இல் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்). ஆள் எண்ணும் டெமோவுக்கு மாறினால் இந்த எண்கள் 1020, 1010, 1011 என்று மாறும். அதனால் வேலை செய்யும் பைனரி, கான்ஃபிக், படிக்கும் ஸ்கிரிப்ட் மூன்றையும் ஒரே கோப்புறையில் பதிப்பு எண்ணோடு பூட்டி வையுங்கள். கட்டளைகளை ஒட்டுமொத்தமாக ஒட்டாமல், ஒவ்வொரு வரிக்கும் 'டன்' வந்த பிறகு அடுத்ததை அனுப்புங்கள்.

சிப் கணக்கிடுவதற்கு முந்தைய மூல ஏடிசி தரவு வேண்டுமென்றால் செலவு கூடும். எம்எம்வேவ் ஸ்டுடியோ மென்பொருள் வழிக்கு டிசிஏ1000 பிடிப்புப் போர்டும் ஐசிபூஸ்ட் தாங்கு போர்டும் வேண்டும், விண்டோஸ் கணினியின் ஈதர்நெட்டுக்கு 192.168.33.30 என்ற நிலையான முகவரி தர வேண்டும், ஃபயர்வால் 4096, 4098 போர்ட்களைத் தடுக்கக் கூடாது. புது அல்காரிதம் எழுதுபவருக்கு மட்டுமே இது தேவை. விளக்கை அணைக்க ஆள் இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு இந்தப் போர்டே அதிகம், 24 கிகாஹெர்ட்ஸ் எல்டி2410 மாட்யூல் அந்த வேலையைச் சில நூறு ரூபாயில் முடித்துவிடும்.